பாதிரியாரின் கடன்

சபைத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பது எனக்கு வெகுநாளைய பழக்கம். நான் கிறிஸ்தவனல்ல. ஆம்பூரில், லுத்தரன் கோயில் மணியோசை கேட்கிற தெருவொன்றில் வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கும் அந்தச் சபைக்கும் உறவு கிடையாது. ஆனாலும் நூற்றாண்டு மலர், ஞாபகார்த்த வெளியீடு என்று எது கைக்குக் கிடைத்தாலும் விடமாட்டேன். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் வேண்டும். அந்தப் புத்தகங்களில் மனிதர்கள் அகப்படுவார்கள் என்ற ஆசைதான்.

பெரும்பாலும் ஏமாற்றந்தான் மிச்சம். பிறந்த ஊர், படித்த படிப்பு, வகித்த பதவி, கட்டிய கட்டடம், மறைந்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். மனிதனை மட்டும் காணோம். கல்லறைக் கல்லில் செதுக்க வேண்டியதை இருநூறு பக்கத்துக்கு நீட்டினால் அது வாழ்க்கை வரலாறு ஆகிவிடுமா? ஆகாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஜோஹான் பிலிப் பெப்ரீஷியஸ் 1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்தார். பிறகு மனம் மாறி, ஹாலே நகரத்தில் வேத சாஸ்திரம் படித்து, 1740-ல் தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தார். இரண்டு வருஷத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்த லுத்தரன் மிஷனின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1791-ல் கண் மூடும் வரை, ஐம்பது வருஷம், இந்த நாடுதான் அவருக்கு வீடு.

அவர் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. சீகன்பால்கு தொடங்கி, சூல்ட்சே முடித்து வைத்த தமிழ் வேதாகமம் முதல் முயற்சிக்குரிய கரடுமுரடுடன் இருந்தது. அதை ஏறக்குறைய முழுவதும் புதிதாகவே தமிழாக்கினார். புதிய ஏற்பாடு 1772-ல் அச்சாயிற்று. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை நூற்றுக்கணக்கில் தமிழில் பாடும்படி செய்தார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு யந்திரம், கம்பெனி வேலையையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு, வேப்பேரியில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேப்பேரி அச்சகத்திலிருந்து 1779-ல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது. சுமார் 9,000 சொற்கள். இன்றும் நம்மிடையே அவர் பெயரால் வழங்கும் அகராதிக்கு வித்து அதுதான்.

அவருடைய உரைநடையைப் பற்றி ஒரு வார்த்தை. 'பாதிரித் தமிழ்' என்று நம் பண்டிதர்கள் கேலி செய்ததுண்டு. கேலியில் நியாயமும் உண்டு. வாக்கியங்கள் சில இடங்களில் தமிழின் போக்குக்கு ஒத்துவராமல் முரண்டு பிடிக்கின்றன. ஆனால் பண்டிதர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவன் காதில் விழுந்தாலும் புரிய வேண்டும் என்ற பிடிவாதம் அந்த நடையில் இருக்கிறது. 1850-ல் பெர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து செம்மையான தமிழில் ஒரு மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். இலக்கணம் படித்தவர்களுக்கு அது இனித்தது. சபைகளோ அதை ஏற்கவில்லை. 1871-ல் பவர் குழுவினர் பொது மொழிபெயர்ப்பு ஒன்றைச் செய்தபோது பெப்ரீஷியசைத்தான் அடித்தளமாகக் கொண்டார்கள். லுத்தரன்களோ அதன் பிறகும் நெடுங்காலம் பெப்ரீஷியசின் மூலத்தையே விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. இனிமேல் வருவதுதான் சிக்கல்.

வேதாகமத்தைத் தமிழாக்கிய இந்த மனிதர் தம் முதுமையில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். மிஷன் பணமும், பிறர் நம்பி ஒப்படைத்த பணமும் அவர் கையிலிருந்தன. அதைக் கடனாக வெளியே கொடுத்தார். போன பணம் திரும்பவில்லை. பணத்துக்கு உரியவர்கள் சும்மா இருப்பார்களா? எண்பதை நெருங்கிய நிலையில், 1788-ல், பொறுப்பைக் கெரிக்கே என்ற இளையவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். மூன்று வருஷத்தில் காலமானார்.

துதி பாடுகிறவர்கள் இந்த விஷயத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். சேறு தெறித்துவிடுமோ என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. மற்றொரு கட்சியார், மகானுக்கு உலக ஞானம் போதாது என்று சொல்லி ஓர் அனுதாபப் பெருமூச்சோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டு கட்சியாருமே, அந்தக் காலத்துச் சென்னை எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டும்.

1749, ஆகஸ்டு 3-ந் தேதி ஆம்பூரில் ஒரு சண்டை நடந்தது. சந்தா சாகிப், முசபர் ஜங், பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் மறுபக்கம். நவாப் போர்க்களத்திலேயே மாண்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்குத் தப்பி ஓடி, பிறகு ஆங்கிலேயர் தயவில் நவாபானார். பட்டத்துக்காகவும் படைக்காகவும் கடன் வாங்கினார். வாங்கின கடனை அடைக்கவும் கடன் வாங்கினார். சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தை மறந்து வட்டியில் வாழ ஆரம்பித்தார்கள். 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் அந்தக் கடன்களைப் பற்றியே ஒரு பெரிய பிரசங்கம் செய்யும்படி ஆயிற்று. கடன் பத்திரமே பணம், வட்டியே வருமானம் என்று ஊரெல்லாம் நம்பிய காலம் அது. பெப்ரீஷியஸ் அந்த ஊரில் வாழ்ந்தார். அவர் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. ஊர் முழுவதும் வீசிய காற்று வேப்பேரி மிஷன் வளவுக்குள்ளும் வீசியது என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதியவர். எங்கள் பக்கத்தில் தோல் வியாபாரம் என்பது பாதி சுண்ணாம்புக் குழியிலும் பாதி நம்பிக்கையிலும் நடப்பது. பெரியமேட்டு மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். அதை நம்பிப் பச்சைத் தோல் வாங்குவார்கள். சரக்கு சென்னைக்குப் போய் விலை போன பிறகுதான் கணக்குத் தீரும். நடுவில் யாராவது ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். என் தகப்பனார் ஒரு சிநேகிதருக்காகப் போட்டார். சிறிய கிடங்கு. 1996-ல், கழிவுநீரைச் சுத்தம் செய்யாத தோல் பட்டறைகளை மூடும்படி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பாலாறு கெட்டுக் கிடந்த கிடப்புக்கு அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் சிநேகிதரின் கிடங்கு எழுந்திருக்கவில்லை. கையெழுத்து எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டது.

தகப்பனார் இறந்தபோது வந்தவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றியும், முத்து முத்தான கையெழுத்தைப் பற்றியும் பேசினார்கள். வீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது மரியாதை என்று நினைத்தார்கள். எனக்கோ அவர்கள் வேறு யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. என் தாயார்தான் ராத்திரி மெதுவாகச் சொன்னாள்: "உங்க நைனா ரொம்ப நல்ல மனுஷன்டா. அந்த ஒரு கையெழுத்தப் போட்டுட்டு பதினோரு வருஷம் தூங்கல."

அந்தப் பதினோரு வருஷத்தை விட்டுவிட்டு என் தகப்பனாரைப் பற்றி எழுத முடியுமா? எழுதலாம். அவர் அதில் இருக்கமாட்டார்.

மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களுக்கு ஒரு ஜெபம் கற்பிக்கிறார். பாவத்தை மன்னிக்கும்படி கேட்கிற இடத்தில் கிரேக்க மூலத்திலிருக்கும் சொல்லுக்குக் கடன் என்று பொருள். லூத்தரின் ஜெர்மன் மொழியில் அந்த இடத்தில் வரும் சொல், குற்றம், கடன் இரண்டையும் குறிக்கும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கடன் என்றே இருக்கிறது. பெப்ரீஷியஸ் அந்த வாக்கியத்தைப் பல தடவை எழுதி, அடித்து, திருத்தியிருக்க வேண்டும். அவர் வேலை செய்த விதம் அப்படி. 1772-ல் அது அவருக்கு ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்னை. கடன்காரராகச் சிறையில் உட்கார்ந்து அதே ஜெபத்தைத் தமிழில் சொன்னபோது அது என்னவாக இருந்திருக்கும்? வரலாறு எழுதுகிறவர் இதற்குப் பதில் சொல்லவேண்டுமென்பதில்லை. கேள்வியை வாசகன் கேட்கும்படியாவது விட்டுவைக்கலாம் அல்லவா?

ஒவ்வொரு சொல்லையும் வருஷக்கணக்கில் நிறுத்துப் பார்த்த மனிதர், சட்டம் படித்தவர், கடன் வாங்க வந்தவரை மட்டும் நிறுக்காமல் விட்டார். அவருக்கு வார்த்தையில் இருந்த சந்தேகம் மனிதனிடத்தில் இல்லை. இது குறையா, குணமா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பணத்தை ஒப்படைத்து இழந்தவர்களுக்கு அது குறைதான். அவர்களையும் நாம் மறக்கக்கூடாது. ஆனால் ஐம்பது வருஷ ஊழியத்தையும் அந்தச் சிறையையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதத் துணிகிறவர் ஒருவர் வந்தால், அந்தப் புத்தகத்தை நான் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்றை என் தாயாருக்குப் படித்துக் காட்டுவேன்.