அழித்து அழித்து நைந்த கட்டம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களின் பாத்திரத் தாளில் ஓரிடம் மட்டும் நைந்திருக்கும். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளியை எழுதும் கட்டம் அது. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, விரலால் தடவினாலே காகிதம் மெலிந்திருப்பது தெரியும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் வந்த ஆட்டம். அதில் உயிர்ப்புள்ளி எதைக் குறிக்கிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெறும் ரத்தமும் சதையும் அல்ல, திறமையும் அதிர்ஷ்டமும்கூட அதில் சேர்த்தி என்று 1979 நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் விளக்கினார். சரி, அப்படியானால் காயம் ஆற்றும் மந்திரம் அதிர்ஷ்டத்துக்கா மருந்து போடுகிறது?

அன்று ஒரு நாள் ஓய்வுக்கு ஒரு புள்ளிதான் திரும்பும். 2014 விதிகளிலோ எட்டு மணி நேர ஓய்வில் மொத்தமும் நிரம்பிவிடும். 2008 பதிப்பின் வார்லார்ட் என்ற பாத்திர வகை இன்னும் ஒரு படி மேல்: உற்சாகமாக நாலு வார்த்தை சொன்னாலே விழுந்தவன் எழுந்துவிடுவான். வெட்டுப்பட்ட கையைக் கூச்சல் போட்டே ஒட்டவைப்பாயா என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். மந்திரவாதியின் நெருப்புருண்டையை நம்புகிறவர்களுக்கு ஓர் அதட்டலை நம்ப என்ன கஷ்டம்?

மூன்று புள்ளி மிச்சமிருக்கும்போது மட்டும் யாரும் வாதாடுவதில்லை. எட்டுமுகப் பகடை உருளுகிறது; எல்லாக் கண்ணும் அதன் மேல்.