கையேட்டின் எண்ணும் கட்டியவரின் இன்ஜினும்

பிரித்துக் கட்டிய டர்போ இன்ஜினை வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது கம்ப்ரஷன் எவ்வளவு என்பதைத்தான். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பிளக் துளையில் அழுத்தமானியைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண் கிடைக்கும். செலவு குறைவு, இன்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம். கிடைத்த எண்ணைத் தயாரிப்பாளரின் பணிமனைக் கையேட்டோடு வைத்துப் பார்த்து, எட்டினால் நல்ல வேலை, எட்டாவிட்டால் கெட்ட வேலை என்று தீர்ப்புச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சோதனை மதிப்புள்ளதுதான். ஆனால் மறுகட்டிய டர்போ இன்ஜினில் அந்த மதிப்பு சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வேறுபாட்டிலும், அதே இன்ஜின் முன்பு காட்டிய எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. கையேட்டு எண்ணை அளவுகோலாக்கும்போது நல்ல இன்ஜின்கள் பழி சுமக்கின்றன, பழுதானவை தப்பிக்கின்றன.

டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1990களின் சுப்ரா காரால் புகழ்பெற்ற, உலகெங்கும் அதிகமாகப் பிரித்துக் கட்டப்படும் டர்போ இன்ஜின்களில் ஒன்று. ஆறு சிலிண்டர், 86 மி.மீ. போர், 86 மி.மீ. ஸ்ட்ரோக், அழுத்த விகிதம் 8.5-க்கு 1. கையேடு 1,079 கிலோபாஸ்கல், அதாவது 156 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்கிறது. 883 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 98 கிலோபாஸ்கலைத் தாண்டக்கூடாது. டர்போ இல்லாத அதன் உடன்பிறப்பான 2ஜேஇசட்-ஜிஇ-யின் அழுத்த விகிதம் 10-க்கு 1 என்பதால் அதற்கு எண்கள் வேறு. ஆக, இந்த எண்கள் குறிப்பிட்ட பிஸ்டன், குறிப்பிட்ட ஹெட் கேஸ்கெட், குறிப்பிட்ட கேம்ஷாஃப்ட் கொண்ட இன்ஜினுக்கு உரியவை. மறுகட்டும்போது மாறுவது பெரும்பாலும் இவையே. போரைப் பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போடுகிறார்கள், கூடுதல் பூஸ்டைத் தாங்கத் தடித்த கேஸ்கெட் வைக்கிறார்கள், 272 டிகிரி கேம் மாட்டுகிறார்கள். நீண்ட கேம் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் காற்று வந்த வழியே திரும்பிப் போகும். ரிங்கும் வால்வும் குற்றமில்லாமல் இருந்தாலும் மானி குறைத்தே காட்டும். வளிமண்டல அழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.-யை அழுத்த விகிதத்தால் பெருக்கினால் விடை கிடைக்கும் என்பாரும் உண்டு. 8.5-க்கு அந்தக் கணக்கு 125 தருகிறது. தொழிற்சாலையின் சொந்த எண்ணோ 156. அமுக்கும்போது காற்று சூடாகிறது என்பதையும், வால்வு மூடும் நேரத்தையும் ஒரே பெருக்கலுக்குள் அடைக்க முடியாது.

இன்ஜினுக்கு வெளியே உள்ளவையும் எண்ணை மாற்றுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அமெரிக்க நகரமான டென்வரில் காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவே. கடல் மட்டத்தில் அது 101. கடல் மட்டத்தில் 1,079 காட்டும் அதே இன்ஜினை அங்கே கொண்டுபோய்ச் சோதித்தால், கணக்குப்படி மானி 885-க்கு அருகில் நிற்கும். குறையே இல்லாத இன்ஜின் கையேட்டின் கடைசி எல்லையைத் தொட்டுவிடுகிறது! மானியின் குழாயும் இப்படித்தான். காற்றைத் தடுத்து நிறுத்தும் சிறு வால்வு பிளக் துளைப் பக்கம் இல்லாமல் மானிப் பக்கம் இருந்தால், குழாயின் உட்பகுதியும் எரியறையோடு சேர்ந்துவிடும். 2ஜேஇசட்டின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 67 கன செ.மீ.; குழாய் 5 கன செ.மீ. சேர்த்தால் 8.5 என்ற விகிதம் 8-க்கு இறங்கிவிடும். பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும், த்ராட்டில் சரியாகத் திறக்காவிட்டாலும் இதே கதைதான்.

ஆனால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஆறு சிலிண்டர்களையும் ஒரே அளவில் தாக்குகின்றன. உயரமும் குழாயும் கேமும் மூன்றாம் சிலிண்டரை மட்டும் தனியே குறைப்பதில்லை. ஐந்து சிலிண்டர்கள் 140 பி.எஸ்.ஐ.-யை ஒட்டி நிற்க ஒன்று 110 காட்டினால், அதற்கான காரணம் அந்தச் சிலிண்டருக்குள்தான் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கலாம். இறுதி எண்ணை மட்டும் குறித்துக்கொள்பவர்கள் முதல் அமுக்கத்தில் முள் எவ்வளவு ஏறியது என்பதைத் தவறவிடுகிறார்கள். தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் ரிங்கின்மேல் சந்தேகம் வர வேண்டும். தாழ்வாகத் தொடங்கி ஏறவே ஏறாவிட்டால் வால்வின்மேல். சிறிது எண்ணெய் ஊற்றி மறுபடி சோதிப்பது அந்தச் சந்தேகத்தைத் தெளிவாக்கும். அதற்காக ஆறும் ஒன்றுபோல் இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. டைமிங் பெல்ட் ஒரு பல் தவறினால் ஆறும் சேர்ந்தே இறங்கும்.

சிலிண்டருக்குச் சிலிண்டர் பார்க்கும் இதே வேறுபாடு, கட்டியவர்கள் சொல்லும் ஒரு சாக்கையும் எடைபோட உதவுகிறது. "ரிங் இன்னும் உட்காரவில்லை, ஓட ஓடச் சரியாகும்" என்பது அந்தச் சாக்கு. அதில் உண்மையும் உண்டு. சிலிண்டர் சுவரில் ஹோனிங் விட்ட கோடுகளின் முனைகள் தேய்ந்து ரிங் சுவரோடு பொருந்தக் கொஞ்சம் ஓட வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி அதிகம், சூடானால் குறையும். ஆனால் ஒரே கையால் ஹோன் செய்து ஒரே பெட்டி ரிங் போட்ட ஆறு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் உட்காரவில்லை என்றால் அதை ஏற்க முடியாது. உட்காருதலும் முதல் சில நூறு கிலோமீட்டரில் நடக்க வேண்டியது. சுமையே கொடுக்காமல் மெதுவாக உருட்டினால் சுவர் பளபளத்து, ரிங் உட்காரும் வாய்ப்பே போய்விடும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் எண் ஏறவில்லை என்றால் அந்தச் சாக்கு காலாவதியாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையல்ல.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டர்போ இன்ஜின் பூஸ்டில் வேலை செய்கிறது. ஸ்டார்ட்டர் வேகத்தில், வெறும் வளிமண்டலக் காற்றில் எடுத்த எண்ணால் என்ன பயன் என்பது அது. ஒரு பாதியில் இது சரி. மானி காண்பது 11 பார் அளவு; பூஸ்ட் ஏறி எரியும்போது உச்ச அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. அப்போது ஹெட் தூக்குமா, விரிசல் கண்ட ரிங் பள்ளம் உடையுமா என்பதை இந்தச் சோதனை சொல்லவே சொல்லாது. ஆனால் கசிவைப் பொறுத்தவரை மெதுவாகச் சுற்றுவதே அதன் பலம். நிமிடத்துக்கு 250 சுற்றில் ஓர் அமுக்கத்துக்கு 0.12 வினாடி ஆகிறது. 6,000 சுற்றில் 0.005 வினாடி. காற்று தப்பிக்க 24 மடங்கு நேரம் கிடைப்பதால், வேகத்தில் மறைந்துவிடும் சிறு கசிவும் இங்கே அகப்படுகிறது. வலிமையைப் பற்றி இந்த எண்ணிடம் கேட்காமல், கசிவைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும்.

அப்படியானால், சிலிண்டருக்குள் வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையே போதுமே என்பார்கள். அது கசிவு எந்த வழியில் போகிறது என்று காட்டுகிறது: எண்ணெய் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ஆனால் அது நின்ற இன்ஜினில், பெரும்பாலும் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது செய்வது. கேம் டைமிங் தவறினால் அதற்குத் தெரியாது. சந்தைக் கருவிகளில் காற்று செல்லும் உள்துளையும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் ஒரு கருவியின் சதவீதம் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. விமானத் துறை இதை ஒழுங்காகச் செய்கிறது: சிறிய பிஸ்டன் இன்ஜின்களுக்கான கருவியில் துளையின் விட்டம் 0.040 அங்குலம் என்று வரையறுத்திருக்கிறார்கள். விமான இன்ஜின் தயாரிப்பாளரான காண்டினென்டல் நிறுவனம் 2003-இல் அழுத்தச் சோதனையோடு சிலிண்டருக்குள் போர்ஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவியை விட்டுப் பார்ப்பதையும் சேர்த்தது.

வாங்குபவருக்கு ஏதோவோர் எல்லை எண் வேண்டும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அந்த எண்ணைத் தர வேண்டியவர் இன்ஜினைக் கட்டியவர். எந்தப் பிஸ்டன், கணக்கிட்ட அழுத்த விகிதம் எவ்வளவு, கேஸ்கெட் தடிப்பு, கேம் அளவு, சோதித்த ஊரின் உயரம், ஸ்டார்ட்டர் சுற்றிய வேகம், மானி எது, இன்ஜின் சூடா குளிரா, ஒவ்வொரு சிலிண்டரின் முதல் அமுக்கமும் இறுதி எண்ணும் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஆயிரம் கிலோமீட்டரில் அதே மானியை வைத்து எடுத்த இரண்டாம் அளவீடு அதே தாளில் ஏற வேண்டும். அதன் பிறகு எப்போது சோதித்தாலும் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்ற சண்டைக்கு இடமில்லை.