மருத்துவமனை வாயிலுக்கு அப்பால்

ஒரு சமுதாயம் நோயாளியை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறிய அதன் சுகாதார அறிக்கைகளைப் படித்தால் மட்டும் போதாது. அச்சமுதாயம் நோயைப் பற்றிச் சொல்லும் கதைகள் எங்கே முடிகின்றன என்பதையும் பார்த்தல் வேண்டும். புற்றுநோயைப் பொறுத்தவரை எமக்குப் பழக்கமான கதைகள் இரண்டே இடங்களில் முடிகின்றன. ஒன்று சுடுகாடு, மற்றது அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாயில். அவ்வாயிலுக்கு அப்பால் கிடக்கும் நெடும் பாதையை எமது கலை பெரிதும் கண்டுகொண்டதில்லை என்பதே நாம் இங்கு முன்வைக்கும் குறை.

1962இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்ற திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். கணவனுக்குப் புற்றுநோய், வைத்தியனோ மனைவியின் முன்னாட் காதலன். நோயாளி பிழைக்கிறான்; அவனைக் காப்பாற்றும் முயற்சியில் தன்னையே வருத்திக்கொண்ட வைத்தியன் மாள்கிறான். தியாகத்தின் முன் கண்ணீர் பெருக்கிய இரசிகர், பிழைத்தவன் அடுத்த பரிசோதனைக்கு என்று வரவேண்டும், யாரிடம் வரவேண்டும் என்று கேட்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1982இல் வந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ ஆகிய படங்களில் நாயகர்கள் இந்நோயால் மடிகின்றனர். அங்கே நோய், காதலுக்குக் காவியச் சாயல் பூசும் கருவி மட்டுமே. சாவும் தியாகமும் நாடகத்துக்கு உகந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்க் கிளினிக் வாசலில் காத்திருப்பது நாடகத்துக்கு உகந்ததன்று. ஆனால் பல்லாயிரம் மக்களின் வாழ்க்கை அந்த வாசலிலேதான் கழிகிறது.

நோய் உருவகமாக மாறும்போது நோயாளி மறைந்துவிடுகிறார் என்பதைச் சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட ‘நோய் எனும் உருவகம்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். இவ்விடத்தில் முற்போக்கு முகாமும் தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. சாதியையும் ஊழலையும் ‘சமுதாயத்தின் புற்றுநோய்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். வெட்டியெறிய வேண்டிய தீமை என்ற பொருளன்றி அச்சொல்லுக்கு வேறு பொருள் அங்கில்லை. சிகிச்சை முடித்து ஊர் திரும்பி, அதே கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவரின் செவியில் அது எவ்வாறு விழும்?

பிறநாட்டு இலக்கியத்தில் இவ்வாயிலைக் கடந்து சென்ற படைப்புகள் உண்டு. சொல்செனிற்சினின் ‘புற்றுநோய் மனை’ அவற்றுள் ஒன்று. அவ்வாசிரியரின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். நாவலின் இறுதிப் பகுதி மாத்திரம் எமது கவனத்துக்குரியது. 1955ஆம் ஆண்டில், சோவியத் மத்திய ஆசியாவின் நகரொன்றில் சிகிச்சை பெற்ற கொஸ்தொக்ளோத்தவ் என்பவன் வெளியே அனுப்பப்படுகிறான். அவன் நாடுகடத்தப்பட்டவன், நினைத்த இடத்தில் தங்கும் உரிமையற்றவன். உயிரைக் காத்த சிகிச்சை அவனது ஆண்மையைப் பறித்துவிடுமோ என்ற அச்சம் வேறு. வைத்தியர் ஒருத்தியும் தாதி ஒருத்தியும் தத்தம் முகவரியைக் கொடுத்து, இரவு தங்க வரலாம் என்கின்றனர். அவன் நகரெங்கும் அலைந்து, ஈற்றில் எவர் வீட்டிலும் தங்காமல், தான் ஒதுக்கி வைக்கப்பட்ட தூரத்து ஊருக்கே ரயில் ஏறுகிறான். நோயிலிருந்து விடுபட்டவனின் முதற் கேள்வி ‘இன்றிரவு எங்கே தங்குவது?’ என்பதாக இருப்பதைக் காட்டியமை அந்நாவலின் வெற்றி. உடல் தேறுவதற்கு மருந்து மட்டுமன்றி, நிற்பதற்கு ஓர் இடமும் வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1980இல் வெளியிட்ட ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’ இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறது. ஒரு மார்பு அகற்றப்பட்ட பின் செயற்கை மார்பு அணிய அவர் மறுத்தார். அணியாது வருவது ஏனைய நோயாளரின் மனத்தைத் தளர்த்தும் என்று சிகிச்சை நிலையத்துத் தாதி கடிந்துகொண்டதை அவர் பதிவு செய்துள்ளார். நோயுற்றவளுக்கு வேண்டியது அவளைப் போன்ற வேறு பெண்களின் துணை. சமூகமோ அவளிடம் வேண்டுவது ஒன்றும் நடவாதது போன்ற தோற்றம். தழும்பை மறைத்தால், அதே தழும்புடைய இருவர் ஒருவரையொருவர் அறியவும் வழியில்லாது போகிறது.

மருத்துவ உலகமும் இவ்வினாவுக்குத் தாமதித்தே வந்தது. புற்றுநோய்க்கு ஆளான வைத்தியர் பிற்ஸ்ஹியூ முலன், நோயின் பின்னான வாழ்வுக்கும் பருவங்கள் உண்டென 1985இல் எழுதினார். சிகிச்சை முடிவுற்றோர் வழியில் தொலைந்துபோகின்றனர் என்று 2005இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை கூறிற்று. பெற்ற சிகிச்சை யாது, இனிக் கவனிக்க வேண்டியவை யாவை, எப்போது யாரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை எழுத்தில் வகுத்து நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும் என்பது பொதுவான நெறி. பலருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் நாள்தோறும் மாத்திரை உண்டு.

இந்நெறியை மன்னார்க் கரையோரத்து முள்ளிக்குளத்தில் வைத்துப் பார்ப்போம். மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் செய்து வாழ்ந்த இவ்வூர் மக்கள் 2007 செப்டெம்பரில் போரின் நடுவே வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் வசமாயிற்று. வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அங்கு அமைந்தது. போர் ஓய்ந்த பின்னரும் மக்கள் தம் வீட்டுக்கன்றி மலங்காட்டுக்கும் காயாக்குழிக்குமே திரும்ப முடிந்தது. 2017இல் அவர்கள் வாரக்கணக்காகத் தொடர்ந்து போராடிய பின்னரே, அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது.

நிலப் பிரச்சினைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய். மார்பக அறுவையின்போது அக்குளின் நிணக்கணுக்களும் அகற்றப்பட்டால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். கீறலும் காயமும் படாது அக்கையைக் காத்துக்கொள் என்பது மருத்துவ அறிவுரை. மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்ணின் கையில் முள்ளோ கத்தியோ படாத நாள் உண்டா? வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் வாய் வறளும், பல் கெடும், தாடை இறுகும். வெற்றிலையும் புகையிலையும் விடாவிட்டால் இன்னொரு புற்று எழும் ஆபத்துண்டு. இரவு முழுதும் கடலில் விழித்திருக்கும் தொழிலில், கூட இருப்பவர் அனைவரும் வெற்றிலை போடுகையில், ஒருவர் மாத்திரம் விட்டுவிடுதல் தனிமனித உறுதியால் மட்டும் ஆகுமா? அயலார் துணை இங்கே மருந்தின் ஒரு பகுதி. இடப்பெயர்வு வீட்டை மட்டும் பறிப்பதில்லை. கிளினிக்குக்குப் போகும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அயலாளையும், கூட வரும் தமக்கையையும் திசைக்கொருவராகச் சிதறடிக்கிறது.

இலங்கையில் அரசாங்க வைத்தியம் இலவசம். இது மக்கள் பெற்ற அரும்பேறு. அதனைக் குறைத்துப் பேசுதல் எமது நோக்கமன்று. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. தென்முனையையும் வடமுனையையும் இணைத்த அந்நடை போற்றத்தக்கதே. அதற்குமுன் வடபகுதி நோயாளர் பலர் மகரகம வரை அலைந்தனர். எனினும் முள்ளிக்குளத்தார்க்குத் தெல்லிப்பழையும் அண்மையன்று. மருந்து இலவசம், பஸ் கட்டணம் இலவசமன்று, கடலுக்குப் போகாத நாளின் கூலியை ஈடுசெய்வாருமில்லை. கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதும் குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தன் உடலின் வரலாற்றைத் தானே வாசிக்க இயலாதவர், அடுத்த கட்டத்தை எவ்வாறு திட்டமிடுவார்?

வழியில்லாமல் இல்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கத்தின் பணி, பின்னர் கேரளத்துச் சிற்றூர்களில் அயலவரே பயிற்சி பெற்று நோயாளரை வீடு சென்று காணும் இயக்கமாக விரிந்தது. அது முதன்மையாகத் தீராத நோயுற்றோருக்கானது; ஆயினும் அயலவர் பொறுப்பேற்கும் அந்த முறை சிகிச்சை முடித்தோர்க்கும் பொருந்தும். தமிழில் எழுதிய ஒரு பக்கத் திட்டம், கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதன் ஒரு பிரதி, கிளினிக் நாளில் கூடச் செல்ல ஒருவர், செலவுக்கு மாதர் சங்கத்திலோ மீனவர் சங்கத்திலோ ஒரு சிறு நிதி — இவற்றுக்குப் பெருங்கட்டடம் தேவையில்லை.

அப்படியாயின் இலக்கியத்தைச் சுகாதாரத் துண்டுப்பிரசுரமாக்கச் சொல்கிறோமா? அன்று. துண்டுப்பிரசுரம் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருக’ என்று மட்டும் சொல்லும். வர முடியாது போனமைக்கான காரணத்தைச் சொல்லவே கதை வேண்டும். பரிசோதனை முடிவு கிடைக்கும்வரை உறக்கம் வராத இரவையும், மகளின் கலியாணப் பேச்சில் தாயின் நோய் மறைக்கப்படுவதையும், பழைய வலி திரும்பிற்றோ என்று ஒவ்வொரு சிறு நோவிலும் எழும் திகிலையும் அறிக்கைகள் எழுதமாட்டா. சமுதாய உண்மையைத் தேடும் எழுத்தாளனுக்கு அங்கே பெரும் பணி காத்திருக்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பக்கங்களைப் படிப்போரில் மிகுதி. சிகிச்சை முடித்தவர் ஒருவரேனும் இல்லாத ஊர் இன்று அரிது. அவரது கொப்பியிலுள்ளதைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு மாணவனால் முடியும். ஐயமுள்ள இடத்தைத் தாதியிடமோ வைத்தியரிடமோ கேட்டுத் தெளியவும் முடியும். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால், இதுவரை எழுதப்படாத கதையும் அங்கே கிடைக்கும். அக்கதை சாவிலும் முடியாது, தியாகத்திலும் முடியாது. அடுத்த கிளினிக் தேதியை நோக்கி அது நடந்துகொண்டிருக்கும்.