டபி ஹேயஸின் 'மெக்சிகன் கிரீன்'

பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர், அரிதான தட்டு எதுவாயினும் அதைச் சிறந்ததென்றே எண்ணிவிடுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் லண்டனில் 1967இல் பதிவாகி, 1968இல் ஃபொன்டானா வெளியிட்ட இந்த ஜாஸ் இசைத்தட்டு அரிதானது மட்டுமன்று, சிறந்ததும்கூட.

டெனர் சாக்சபோனில் ஹேயஸ். பியானோவில் மைக் பைன். பாஸில் ரான் மேத்யூசன். டிரம்ஸில் டோனி லெவின். ஹேயஸின் வேகம் பிரிட்டிஷ் ஜாஸ் உலகில் பெரும் புகழ் பெற்றது. மூச்சுவிட இடமின்றிச் சுரங்களைப் பொழியும் அவ்வாற்றல் சில வேளைகளில் நமக்குச் சலிப்பூட்டியதும் உண்டு, மறைப்பானேன்? தட்டின் முதற்பக்கத்திலும் அச்சலிப்பு முற்றிலும் நீங்கவில்லை.

இறுதியில் வரும் 'மெக்சிகன் கிரீன்' என்னும் நெடிய படைப்போ வேறு. முன்கூட்டியே வகுத்த சுர அமைப்பின் துணையைப் பெரிதும் துறந்து, நால்வரும் ஒருவரையொருவர் செவிமடுத்தே வழி காண்கின்றனர். வேகம் இங்கும் உண்டு. ஆனால் அது வித்தை காட்டவில்லை, தேடுகிறது. லெவினின் டிரம்ஸ் தாளம் காப்பதை விட்டு உரையாடத் தொடங்கும் இடங்களை நாம் மீண்டும் மீண்டும் கேட்டோம். கைவந்த கலையைத் தள்ளிவைக்கத் துணிந்தபோது ஹேயஸுக்கு வயது 32. தம் 38ஆம் வயதில், 1973இல், இதய அறுவைச் சிகிச்சையின்போது மறைந்தார். அவர் 1969இல் பதிவுசெய்து, வெளிவராமலே கிடந்த மற்றொரு தட்டு 2019இல் வெளிவந்தது. அழகான இசைதான், இந்தத் துணிவை அதில் நாம் கேட்கவில்லை.