ஒப்பாரிக்கு முந்திய சொல்

மலையக நாட்டார் பாடல்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் உழைப்பின் துயரையும் கங்காணியின் கொடுமையையுமே அவற்றிற் கண்டனர். சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலுருப் பெற்றபோது அப்பார்வைக்குப் போதிய சான்று கிடைத்தது. ஆயினும், இத்துயரைச் சொல்ல எவருக்கு, எப்போது அனுமதி இருந்தது என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றுவிட்டது.

நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்கள் உட்பட மலையகமெங்கும் மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடப்படுவதுண்டு. எரியுண்ட கணவனுக்காக ரதி புலம்ப, தோட்டமே விழித்திருந்து கேட்கும். ஆனால் அந்த ரதி, மரபுப்படி, பெண்வேடமிட்ட ஆண். பெண் தன் குரலிலேயே புலம்புவது ஒப்பாரியில். அங்கே அவள் உறவினரையும் விதியையும் ஏசலாம், தடுப்பாரில்லை. ஆனால் ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும். (அதன் உவமைகளை எண்ணியவர்கள் இந்நிபந்தனையை எண்ணிப் பார்க்கவில்லை.)

தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் செயலை இவ்விடத்திலிருந்து நோக்குதல் தகும். அதனைக் கோழைத்தனம் என்றோ பிறரை மிரட்டும் நாடகம் என்றோ ஊர்ப்பேச்சு எளிதில் தீர்த்துவிடுகிறது. பலருக்கு அது தாங்கொணா வேதனையைச் சற்றே தணிக்கும் முயற்சி. சிலருக்கு, வாயாற் சொல்ல இயலாததன் வெளிப்பாடு. அடுத்த காம்பராவின் இருமலும் கேட்கும் லயத்தில், தன் பேச்சும் கேட்டுவிடும் என்ற அச்சமே வாயை அடைக்கிறது. சட்டமும் துணைநிற்கவில்லை: தற்கொலை முயற்சி 1998 வரை இலங்கையில் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது.

1995இல் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற உச்சத்தை எட்டிய இந்நாட்டின் தற்கொலை விகிதம், கடும் நச்சுக் கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாயிற்று. சாகத் துணிந்தவர் எவ்வாறேனும் செத்தே தீர்வர் என்பது பொய். அக்கொடிய வேளையைக் கடந்தவர் பலர் வாழ்ந்தனர்.

அவ்வேளையைத் தனித்துக் கடத்தல் கடினம். நம்பத்தக்க ஒருவரருகே போயிருத்தல், மனத்திலுள்ளதை எழுதுதல், வெளியே நடத்தல், மருத்துவமனையின் உளநலப் பிரிவை நாடுதல் ஆகியன உதவுவன. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் பணியும், குற்றங்காணாது கேட்டலையே அடிப்படையாகக் கொண்டது.

என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில், ஐயத்துக்குள்ளான பெண் தன் கைத்திறனாலேயே விடை கூறுகிறாள். அவளது தன்மானம் போற்றற்குரியதே. ஆனால் நிரூபிக்க எதுவுமின்றி, வெறுமனே தாங்க முடியாதவளாய் நிற்பவளுக்குரிய கதை வேறு. சாவு வீட்டில் அழுபவளுக்கு எவரும் உபதேசிப்பதில்லை. மற்றப் பெண்கள் தோள்சேர்ந்து உடனழுவர். உயிரோடிருக்கும் ஒருத்திக்கு, பெரட்டும் கொழுந்து நிறுவையும் முடிந்த ஒரு சாதாரண மாலையில், அந்தத் தோள் கிடைப்பது அரிது.