லீவு விட்டால் கும்மி

ஐரோப்பாவில் கோடை விடுமுறையைப் பழங்காலத்து பால்ரூம் நடனங்களுக்கென்றே ஒதுக்குவோர் உண்டு. தாராபுரம் பக்கம் அந்த இடம் வள்ளிக்கும்மிக்கு.

பகலெல்லாம் தையல் மெஷினை மிதித்த கால்கள்தாம் இரவில் கோயில் திடலில் அடவு பழகுகின்றன. லீவு விட்ட பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். கதை என்னவோ எல்லோருக்கும் தெரிந்த வள்ளி, முருகன் காதல்தான். ஆசிரியர் பாடப் பாட வட்டமாக நகர்ந்து ஆட வேண்டும். கைத்தட்டு சுலபம். திரும்பும்போது ஒருவருக்கு அடி தப்பினால் பின்னால் வருபவர் மீது முட்டிக்கொள்ள வேண்டியதுதான்! பல வாரப் பயிற்சிக்குப் பின் அரங்கேற்றம். அன்றைக்குப் பெண்களெல்லாம் ஒரே நிறச் சேலையில் நிற்கும் அழகே தனி.

முன்பு ஆண்களே ஆடிய கலை இது. வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்து பத்ரப்பன். 2024இல், தம் 87ஆம் வயதில், பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார்.