விசிறி ஃப்ரெட்டும் விரல்களும்

விசிறிபோல் சாய்ந்து விரியும் ஃப்ரெட்டுகள் கொண்ட பேஸ் கிட்டாரைப் பார்த்ததும் மிரள்வது கண்தான். கைக்கு அது அத்தனை அந்நியமில்லை. கனடாவின் டிங்வால் பேஸ்களை எடுத்துக்கொள்வோம். மிகத் தாழ்ந்த பி தந்தியின் நீளம் 37 அங்குலம், ஜி தந்திக்கு 34. அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதியில் நிறுத்தினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆக, பி தந்திக்கு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல் இழுவிசை கிடைக்கிறது. பியானோவிலும் ஹார்ப்பிலும் தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட தந்தி என்பது பழைய நியாயம். ரால்ஃப் நோவாக் 1989இல் காப்புரிமை பெற்ற இந்த விசிறி அமைப்பு அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது.

34 அங்குலத்திலேயே தடித்த தந்தி போதாதா என்பார்கள். போதும்தான், பலர் அருமையாக வாசிக்கிறார்கள். ஆனால் தடிக்கத் தடிக்கத் தந்தி விறைக்கிறது, மேல்சுரங்கள் சுருதியிலிருந்து விலகி, ஒலி மங்குகிறது. விரல் எட்டாதே என்ற கவலைக்கும் அளவே பதில்: தந்தியின் தொடக்கத்திலிருந்து முதல் ஃப்ரெட் வரையுள்ள தூரத்தில் இரு நீளங்களுக்கும் வித்தியாசம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். முழங்கையை மையமாக வைத்துக் கை நகரும்போது மணிக்கட்டின் கோணம் தானாக மாறுகிறது. ஃப்ரெட்டின் சாய்வும் ஏறத்தாழ அப்படியே போகிறது. ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது மட்டும், குறிப்பாக இரு கோடிகளிலும், உண்மையிலேயே சிரமம். அதற்குப் பொறுமை வேண்டும். மற்றதற்கு, ஃப்ரெட்டைப் பார்க்காமல் காதை நம்பி மெதுவாக வாசித்தாலே விரல் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.